ரெனோவா, ரெனோல்ட்டா? கடைப் பலகை எழுத முன் வாகனப் பெயர்களை யாராவது சரியாகச் சொல்லித் தாருங்கள்

கரடிப்போக்குச் சந்தி

எல்லோருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன். போனில் ஓடர் எடுப்பது, கொழும்பிலிருந்து வரும் சாமானைப் பதிந்து தட்டில் அடுக்குவது, பில் போடுவது எல்லாம் நான்தான். போன கிழமை நடந்த ஒரு விஷயம் மனதைக் குடைந்துகொண்டே இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு அண்ணை, தம்பியின் காருக்கு முன் பிரேக் பாட் கேட்டு வந்தார். என்ன கார் என்று கேட்டேன், "ரெனோ" என்றார். அப்படி ஒரு கார் நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்னொருமுறை கேட்டேன், அதையே சொன்னார், எங்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் வவுனியா வரைக்கும், எழுபது கிலோமீற்றருக்கு மேல், போய் வாங்கியிருக்கிறார். பின்னேரம் முதலாளி வந்து கேட்டபோதுதான் விளங்கியது, நாங்கள் ரெனோல்ட் என்று எழுதி வைத்திருக்கும் அதே கார்தான் அது, பாட் பெட்டி என் முதுகுக்குப் பின்னால் இருந்த தட்டிலேயே இருந்தது. முதலாளி ஏசவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

இப்போது கடைக்குப் புதுப் பலகை எழுதப் போகிறோம். பெயர்களைத் தமிழில் எழுத வேண்டும் என்பது முதலாளியின் விருப்பம், பட்டியலை என்னிடம் தந்துவிட்டார். ரொயோட்டா, நிசான், மிட்சுபிசி, சுசுகி, இசுசு, ஹொண்டா, மஸ்டா, ஹுண்டாய், கியா, ராட்டா, ரெனோல்ட், பீஜோ, வொக்ஸ்வேகன், பென்ஸ். இவ்வளவும் நாங்கள் வாயில் சொல்கிற மாதிரி. இதில் எது சரி, எது பிழை? 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்த பிறகு சீனக் கார்களையும் கேட்டு வருகிறார்கள், அந்தப் பெயர்கள் இன்னும் தலைசுற்ற வைக்கின்றன. ஒருமுறை பெயின்ற் அடித்தால் பத்து வருடம் நிற்கும் பலகை, அதனால்தான் கேட்கிறேன்.

மல்லாவியிலிருந்து ஸ்ருட்கார்ட்

தங்கச்சி, ஜேர்மன் பெயர்களை நான் உறுதியாகச் சொல்வேன், 27 வருடம் இங்கே கார்ப் பட்டறையில் நின்றவன். பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலிஷை வைத்துக்கொண்டு ஜேர்மன் பெயரை வாசிக்கப் போவதில்தான் பிழை தொடங்குகிறது. இவர்களுடைய வி என்ற எழுத்துக்கு ஃப சத்தம், டபிள்யூவுக்கு வ சத்தம். ஆகவே வொக்ஸ்வேகன் இல்லை, ஃபொல்க்ஸ்வாகன், மக்கள் வண்டி என்று அர்த்தம். பிஎம்டபிள்யூவை இங்கே பே-எம்-வே என்றுதான் சொல்வார்கள். நான் வந்த புதிதில் ஒரு கிழமை முழுக்க பே-எம்-வே என்றால் வேறு ஏதோ கொம்பனி என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் நீங்கள் ரெனோவை விளங்காமல் விட்டதை ஒரு குற்றமாக எடுக்காதீர்கள்.

பென்ஸ் என்பதில் கடைசிச் சத்தம் ட்ஸ், பென்ட்ஸ். மெர்சிடிஸ் என்பதை மெர்ட்சேடெஸ் என்பார்கள். அது ஒரு பெண்பிள்ளையின் பெயர் என்பது உங்களுக்குத் தெரியுமோ தெரியாது, எமில் யெலினெக் என்ற ஆஸ்திரிய வியாபாரி டைம்லர் கார்களை வாங்கி விற்றவர், தன் மகளின் பெயரையே கார்களுக்கு வைத்தார், 1902 இல் அதைப் பதிவும் செய்துவிட்டார்கள். போர்ஷ் என்று முடிக்கக்கூடாது, அது ஒரு குடும்பப் பெயர், கடைசி எழுத்தையும் சொல்ல வேண்டும், போர்ஷெ. உங்கள் கடையில் பிளக் வாங்குகிற பெட்டியில் பொஷ் என்ற பெயர் இருக்கும், அதைப் பொஸ்ச் என்று வாசிக்க வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஔடி. அமெரிக்கர் பலர் ஓடி என்பார்கள், எங்கள் ஆட்கள் ஆடி என்பார்கள். ஜேர்மன்காரர் சொல்வது ஔவையாரின் ஔ. எங்கள் நெடுங்கணக்கில் எப்போதாவது பாவிக்கிற அந்த எழுத்து இதற்கென்றே இருந்த மாதிரி இருக்கிறது. அதைத் தொடங்கியவர் ஔகுஸ்ட் ஹொர்ஹ். சொந்தக் கொம்பனியை விட்டு வெளியே வந்ததும், சொந்தப் பெயரையே பாவிக்க முடியாமல் வழக்கில் தோற்றார். ஹொர்ஹ் என்றால் ஜேர்மனில் "கேள்" என்று அர்த்தம். பங்காளி ஒருவரின் மகன் லத்தீன் படித்துக்கொண்டிருந்தான், அவன்தான் அதே "கேள்" லத்தீனில் ஔடி என்று சொல்லிக் கொடுத்தான்.

எனக்குத் தொழில் காட்டித் தந்தவர் ஒரு இத்தாலியர், அவரிடம் கேட்டதையும் சொல்கிறேன், இது வன்னிக்குத் தேவையானது. லம்போர்ஜினி பிழை, லம்பொர்கீனி. இத்தாலிய எழுத்தில் ஜீக்குப் பக்கத்தில் எச் வந்தால் க சத்தம்தான். அந்த மனிதர் பெருச்சோ லம்பொர்கீனி 1948 இல் முதலில் செய்யத் தொடங்கியது உழவு மெசின், கார் 1963 இல்தான். ஓட்டோக்களில் பியாஜ்ஜோ வைத்திருப்பவர்கள் அதை ஏப் என்கிறார்கள், குரங்கு என்ற அர்த்தம் வந்துவிடுகிறது. அது ஆப்பே, இத்தாலியில் தேனீ. அதே கொம்பனியின் வெஸ்பா குளவி. பஜாஜ்கூட அந்தக் காலத்தில் பியாஜ்ஜோவின் உரிமத்தோடு வெஸ்பா செய்துதான் வளர்ந்தது.

வவுனிக்குளத்து வாத்தியார்

பிள்ளை, நல்ல கேள்வி. நான் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவன், வாகனம் தெரியாது, எழுத்துத் தெரியும். மகள் ஜப்பானில் படித்தவள், அவளிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இங்கிலிஷில் டி என்று எழுதும் எழுத்து ஒன்று. ஆனால் தமிழ்க் காதுக்கு அது மூன்று. நாக்கு நுனி மேற்பல்லில் பட்டால் த். பல்லுக்கு மேலே முரசில் பட்டால் ற்ற. நாக்கை மடித்து அண்ணத்தில் வைத்தால் ட். வெற்றி, காற்று என்று நாங்கள் சொல்லும்போது வருகிற ற்ற தமிழ்நாட்டில் பெரும்பாலும் ட்ர ஆகிவிட்டது, எங்களிடம் அது அப்படியே இருக்கிறது. இங்கிலிஷ்காரரின் டி அந்த முரசுச் சத்தம் என்பதால்தான் நாங்கள் ரயர் என்றும் ரொறன்ரோ என்றும் எழுதுகிறோம், அங்கே டயர், டொரண்டோ என்கிறார்கள். எங்கள் எழுத்து முறையைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும், எங்கள் காது பிழை விடவில்லை.

ஆனால் எல்லா வெளிநாட்டுப் பெயரும் இங்கிலிஷ் இல்லை. அங்கேதான் நாங்கள் சறுக்குகிறோம். உன் பட்டியலில் முதலாவது இருக்கும் ரொயோட்டாவை எடு. ஜப்பான்காரர் நாக்கைப் பல்லோடு சேர்த்துத்தான் அந்தச் சத்தத்தைச் சொல்வார்கள், எங்கள் த். மூன்றும் குறில், ஒன்றையும் நீட்டுவதில்லை, தொ-யொ-த்த. இரட்டைத் த ஏன் என்றால், தமிழில் நடுவில் ஒற்றைத் த வந்தால் மென்மையாகிவிடும், விதை என்பதில் வருவது போல. ஹொண்டாவும் அப்படித்தான். ஹொந்த என்று எழுதினால் வாசிக்கிறவன் தானாகவே சரியாகச் சொல்லிவிடுவான், பந்து, சொந்தம் என்று சொல்கிற அதே ந்த.

இனி ராட்டா. அது குஜராத்திப் பார்சிக் குடும்பத்தின் பெயர், அவர்கள் சொல்வது நாக்கை மடித்த ட. ஆகவே அதை எங்கள் வழக்கப்படி ர போட்டு எழுதியதுதான் பிழை, டாட்டா சரி. லொறிக்காரர் சொல்லும் கன்ரர் இருக்கிறதே, அது மிட்சுபிசியின் வண்டி என்றாலும் பெயர் இங்கிலிஷ்ச் சொல், குதிரை அமைதியாக ஓடும் ஒரு நடை. அதற்கு முரசுச் சத்தம் பொருந்தும், கன்ரர் என்று எழுதுவது மிகச் சரி. பார், ஏ9 றோட்டில் ஒரு மணித்தியாலம் நின்றால் தொயொத்தவும் கன்ரரும் டாட்டாவும் போகும், எங்கள் மூன்று எழுத்துக்கும் மூன்று வாகனம்.

மகள் சொன்ன இன்னொன்றை எழுதாமல் விட முடியாது. தொயொத்தவின் குடும்பப் பெயர் உண்மையில் தொயொத, செழிப்பான வயல் என்று அர்த்தமாம். 1936 இல் சின்னத்துக்குப் போட்டி வைத்தபோது பெயரையும் மாற்றினார்கள், மாற்றிய பெயரை அவர்கள் எழுத்தில் எழுத எட்டுக் கோடு போதும், எட்டு அவர்களுக்கு நல்ல எண். ஹொந்த என்பதிலும் வயல் இருக்கிறது. மஸ்டாவைத் தொடங்கிய மட்சுத என்பவரின் பெயரிலும் வயல் இருக்கிறது, பைன் மரத்து வயல். குபொத்த உழவு மெசினில், நெல் வெட்டும் மெசினில் எல்லாம் எழுதியிருக்கும் பெயரின் கடைசி எழுத்தும் வயல்தான். இரணைமடுத் தண்ணீரில் விதைக்கிற எங்கள் கமக்காரன் ஏறி ஓடுகிற மெசினின் பெயருக்குள் ஒரு வயல் கிடக்கிறது, அதை அறுபது வயதுக்குப் பிறகு அறிந்து நான் சந்தோஷப்பட்டேன்.

மிட்சு என்றால் மூன்று, ஹிஷி என்றால் நீரில் வளரும் ஒரு காய், சாய்சதுரத்துக்கும் அதே சொல். இரண்டும் சேரும்போது ஹிஷி பிஷி ஆகிறது. எங்கள் புணர்ச்சி இலக்கணம் போலவே அவர்களிடமும் ஒன்று இருக்கிறது. சின்னத்தைப் பார், மூன்று சாய்சதுரம். சுபாரு என்ற கார் இங்கே அதிகம் இல்லை, ஆனால் சொல்லிவிடுகிறேன், அந்தச் சொல் எங்கள் கார்த்திகை நட்சத்திரம், அறுமீன். அதன் சின்னத்திலும் ஆறு வெள்ளி.

புதுக்குடியிருப்புக் கராச்

சேர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன், வயல் கதை இனி மறக்காது. ஆனால் தங்கச்சி, பலகையில் தொயொத்த என்று எழுதினால் ஒரு வாடிக்கையாளரும் உள்ளே வரமாட்டார், புதுக் கொம்பனி ஏதோ வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டு போவார்கள். பலகை வழியில் போகிறவனுக்கு, அவன் வாயில் இருக்கிற பெயர்தான் அதில் இருக்க வேண்டும். இது என் உறுதியான கருத்து.

நான் 22 வருடமாக வாகனத்துக்குக் கீழே படுத்திருக்கிறவன். இங்கே யாரும் கொம்பனிப் பெயர் சொல்லி வாகனம் கொண்டுவருவதில்லை. சின்ன லொறி எதுவானாலும் கன்ரர். இசுசுவை எல்ப் என்பார்கள். வான் என்றால் கேடிஎச், பழையது என்றால் டொல்பின். டாட்டாவின் சின்ன வண்டி பட்டா. பெரிய உழவு மெசின் எல்லாம் மசி, அது மகேந்திராவாக இருந்தாலும் "மசியைக் கொண்டு வா" என்று சொல்கிற ஐயாமார் இருக்கிறார்கள். மசி பேர்குசன் என்பது இரண்டு கொம்பனி சேர்ந்த பெயர், கனடாவின் மசி ஹரிஸ், அயர்லாந்துக்காரர் ஹரி பேர்குசனின் கொம்பனி. ஆனால் விசுவமடுவில் அது ஒரு சாமானின் பெயர், அவ்வளவுதான்.

எனக்குத் தொழில் பழக்கியது அப்பா. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் வன்னிக்குள் வராது, வந்தாலும் வாங்க ஏலாத விலை. ஒஸ்ரின் ஏ40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், இந்தக் கிழட்டுக் கார்கள்தான் மண்ணெண்ணெயில் ஓடியவை. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், பின்னால் வெள்ளைப் புகை றோட்டை மூடும். வருத்தக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிற பொம்பிளைகளையும் அந்தக் கார்கள் ஏற்றிக்கொண்டு போனதை நான் சின்ன வயதில் கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்கு இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது. கேம்பிரிட்ஜைக் கேம்பிறிச் என்பார், காபரேற்றரைக் காப்பற்றர் என்பார். ஆனால் அவர் கழற்றிப் பூட்டின காப்பற்றர் நின்றதில்லை. அதனால்தான் உச்சரிப்புப் பிழையென்று ஒரு ஆளைக் குறைவாகப் பார்க்கிற இடத்தில் எனக்குக் கோபம் வரும். இங்கே யாரும் அப்படிப் பார்க்கவில்லை, அது வேறு விஷயம்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்று. பெயர் விளங்காவிட்டால் சாசி நம்பர் கேளுங்கோ, அல்லது வாகனப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லுங்கோ, அதுவும் இல்லாவிட்டால் போனில் ஒரு படம். அந்த அண்ணையிடம் அன்று படம் கேட்டிருந்தால் அவர் வவுனியா போயிருக்க மாட்டார்.

பூநகரிக் காற்று

கொரியாவில் நாலு வருடம் பத்து மாதம் வேலை செய்துவிட்டு வந்தவன், அந்த இரண்டு பெயரை மட்டும் சொல்கிறேன். ஹுண்டாய் என்று அங்கே சொன்னால் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்பார்கள். ஹ்யொன்-தே. முதல் உயிர் அ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில் நிற்கும், கடைசி தே, டாய் இல்லை. இந்தக் காலம், நவீனம் என்று அர்த்தம். எல்லா நாட்டிலும் ஒவ்வொரு மாதிரிச் சொன்னதால் கொம்பனியே களைத்துப் போய் 2023 தொடக்கத்தில் பிரித்தானியாவில் விளம்பரம் போட்டு, இனிமேல் இப்படிச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டது. கியா எழுதின மாதிரித்தான், கீ-ஆ என்று இரண்டாகப் பிரித்துச் சொல்லுங்கோ. தேவூ என்று முந்திக் கார் வந்ததே, அது தே-ஊ, பேரண்டம் என்று அர்த்தம்.

எங்கள் தொழிற்சாலையில் சீனப் பெடியள் நிறையப் பேர். பீவைடி என்று நாங்கள் எழுத்தெழுத்தாகச் சொல்வதை அவர்கள் பியாதி என்பார்கள். 1995 இல் பற்றரி செய்யத் தொடங்கிய கொம்பனி அது. ஆனால் கடையில் பீவைடி என்றே எழுதுங்கோ, வாகனத்தில் ஒட்டியிருப்பது அந்த மூன்று எழுத்துத்தான், கொம்பனியும் வெளிநாடுகளில் அப்படித்தான் சொல்கிறது.

முள்ளியவளை, இப்போது பாரிஸ்

அந்த அண்ணை சொன்ன ரெனோவுக்கு நான் சாட்சி. பிரெஞ்சில் சொல்லின் கடைசியில் வரும் மெய்யெழுத்து பெரும்பாலும் எழுத்தில் மட்டும்தான், வாயில் வராது. ரெனோல்ட் என்று நாங்கள் கஷ்டப்பட்டுச் சொல்கிற ல்ட் இரண்டும் அங்கே ஊமை. ரெ என்பதையும் அழுத்த வேண்டாம், லேசாகத் தொட்டுவிட்டு னோ. செவர்லெட் என்கிறோமே, அது அமெரிக்கக் கார், ஆனால் பெயர் லூயி ஷெவ்ரொலே என்ற சுவிசில் பிறந்த கார்ப் பந்தயக்காரரின் பெயர், அதிலும் கடைசி டி ஊமை.

பீஜோ கொஞ்சம் கஷ்டம், நானே ஒரு வருடம் பழகினேன். முதல் எழுத்துக்கு எ சொல்லுகிற நாக்கோடு ஒ சொல்லுகிற மாதிரி உதட்டைக் குவிக்க வேண்டும். நடுவில் வருவது ஜ இல்லை. ஷ என்று சொல்லிக்கொண்டு தொண்டையில் கையை வையுங்கள், அதிர்வு இருக்காது. நாக்கை அசைக்காமல் குரலைக் கொடுங்கள், அதிரும், அதுதான் அந்தச் சத்தம். தமிழில் அதற்கு எழுத்து இல்லை, பெஜோ என்று எழுதுவதுதான் கிட்ட வரும். இன்னொன்று, எங்கள் ழ-வை இங்கிலிஷில் இசட் எச் என்று எழுதுவதைப் பார்த்துவிட்டு என்னுடைய பிரெஞ்சு மேலதிகாரி தமிழ் என்பதைத் தன் பெஜோச் சத்தத்தில் சொல்வார், ஒவ்வொரு முறையும் திருத்துவேன். அவர் இப்போது ழ சொல்கிறார், எனக்கு அது பெரிய சந்தோஷம். பெஜோக் குடும்பம் கார் செய்ய முதல் மரம் அரியும் வாளின் அலகும் கோப்பி அரைக்கும் ஆலையும் செய்தது, இன்றைக்கும் அந்தப் பெயரில் மிளகு ஆலை இங்கே கடைகளில் இருக்கிறது, எங்கள் வீட்டிலும் ஒன்று.

சிட்றோவன் உங்கள் பட்டியலில் இல்லை, ஆனால் சேர் சொன்ன த் அதற்கும் பொருந்தும், சித்ரொஎன். பிரெஞ்சுக்காரருக்கும் த் பல்லில்தான். அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஒல்லாந்தில் பழம் விற்றவர், சித்ரூன் என்றால் அவர்கள் மொழியில் எலுமிச்சை. ரயர் விற்கிறீர்களா? மிச்சலின் இல்லை, மிஷ்லன், கடைசி ன் மூக்கோடு நின்றுவிடும்.

கரடிப்போக்குச் சந்தி

எல்லோருக்கும் நன்றி. ரயரும் விற்கிறோம் அக்கா. பிரிஜ்ஸ்ரோனும் ஜப்பான்தானே, அதை எப்படிச் சொல்வது? சேர், நிசான், சுசுகி, இசுசு மூன்றும் விட்டுப்போச்சு. கராச் அண்ணை சொன்னதும் சரியாகப் படுகிறது, சேர் சொன்னதும் சரியாகப் படுகிறது, பலகைக்காரர் வெள்ளிக்கிழமை வருகிறார்.

வவுனிக்குளத்து வாத்தியார்

பிரிஜ்ஸ்ரோனை இங்கிலிஷ் மாதிரியே சொல், அது இங்கிலிஷ்தான். தொடங்கியவர் இஷிபாஷி, இஷி கல், ஹாஷி பாலம். கல்பாலம் என்ற தன் பெயரை மொழிபெயர்த்துத் திருப்பிப் போட்டார். ஹாஷி பாஷியானதைக் கவனி, ஹிஷி பிஷியான அதே புணர்ச்சி. நிசான் என்பதில் நி-யை நீட்டாதே, ஸ் இரட்டித்து நிஸ்ஸன். சுசுகியிலும் இசுசுவிலும் இரண்டாவது சு வண்டு இரைவது போலக் குரலோடு வரும், அதற்கும் தமிழில் எழுத்து இல்லை. இசுசுவை ஐசுசு என்று மட்டும் சொல்லவேண்டாம். அது இசே கோயிலடியில் ஓடும் ஆற்றின் பெயர்.

பலகை விஷயத்தில் கராச் தம்பி சொல்வதுடன் நான் உடன்படுகிறேன். ஊர் வாயில் ஊறிய பெயரைப் பலகையில் மாற்றுவது வேண்டாம். ஆனால் ராட்டாவை டாட்டா ஆக்கு, ரெனோல்ட்டை ரெனோ ஆக்கு. முதலாவது எங்கள் எழுத்தில் சரியாகவே எழுதக்கூடியது. இரண்டாவதைப் பிழையாக எழுதியதால் ஒரு மனிதர் வவுனியாவுக்குப் போயிருக்கிறார்.

புதுக்குடியிருப்புக் கராச்

டாட்டாவுக்கு ஓம். ரெனோவுக்கு, சேர், இரண்டையும் போட்டால் என்ன? இங்கே ஓடுகிற சின்ன ரெனோக்களின் சொந்தக்காரர் எல்லாம் ரெனோல்ட் என்றுதான் கேட்கிறார்கள், அவர்கள் திரும்பிப் போகக்கூடாது.

கரடிப்போக்குச் சந்தி

பலகை எழுதி முடிந்தது. ரொயோட்டா, ஹொண்டா, மிட்சுபிசி எல்லாம் முந்தின மாதிரியே விட்டோம். டாட்டா மாற்றினோம். ரெனோ என்று பெரிதாகவும் கீழே ரெனோல்ட் என்று சிறிதாகவும் போட்டோம். ஃபொல்க்ஸ்வாகனுக்கு இடம் காணவில்லை, எழுத்துச் சின்னதாகிவிட்டது. ஆய்த எழுத்தின் மூன்று புள்ளியையும் பலகைக்காரர் மூன்று வட்டமாகப் போட்டுத் தந்தார், தூரத்தில் இருந்து பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

கொப்பி ஒன்றும் எடுத்திருக்கிறேன். இடப்பக்கம் ஊரில் சொல்கிற பெயர், வலப்பக்கம் அந்தந்த நாட்டில் சொல்கிற பெயர், நீங்கள் எல்லோரும் எழுதியதை அப்படியே அதில் பார்த்து எழுதினேன். எனக்குப் பிறகு கடைக்கு வேலைக்கு வருகிற பிள்ளைக்கும் உதவும். நேற்று சுவிசிலிருந்து ஒருவர் போனில் "ஔடி" என்றார், விளங்கியது. சாமான் இருக்கவில்லை, ஆனால் கொழும்பில் கேட்டு எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல முடிந்தது.

பெயின்ற் காய்கிற நேரம் முதலாளியின் அப்பா வந்து வாசித்துப் பார்த்துவிட்டு ஒஸ்ரின் எங்கே, மொறிஸ் எங்கே என்று கேட்டார். தடைக் காலத்தில் அவரும் ஏ40 ஓட்டியவர். இப்போது அந்தச் சாமான் யார் கேட்கிறார்கள் என்று முதலாளி சொல்ல, ஐயா ஒன்றும் பேசாமல் உள்ளே போய் மேல்தட்டிலிருந்து ஒரு தகரப்பெட்டியை இறக்கினார். உள்ளே பத்திரிகைத் தாளில் சுற்றின டிஸ்ரிபியூட்டர் மூடிகள், எல்லாம் ஏ40க்கு உரியவை, இதுவரை என் பதிவில் இல்லாத சாமான். கடைசி வரியில் ஒஸ்ரின், மொறிஸ் என்று எழுதச் சொல்லிவிட்டோம்.

புதுக்குடியிருப்புக் கராச்

தங்கச்சி, எத்தனை மூடி இருக்கு? வெடிப்பு இல்லாமல் இருந்தால் இரண்டை எனக்கு எடுத்து வையுங்கோ, ஒட்டுசுட்டானில் ஒரு ஐயாவின் ஏ40 அது இல்லாமல்தான் மூன்று மாதமாக நிற்கிறது. வியாழன் காலமை வருகிறேன்.